வீரனா, வீணனா?

ஒரு நூலைப் படித்தவர்கள் இரு அணியாகப் பிரிந்து வழக்காடுவது புதிதன்று. ஆனால் ஜான் கிராக்காவர் 1996இல் வெளியிட்ட 'இன்டு தி வைல்ட்' என்ற நூல் கிளப்பிய வழக்கு கால் நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. அதை எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து படித்தோம். "அவனல்லவா மனிதன்!" என்றான் ஒரு நண்பன். "பெற்றவர்களை அழவைத்துவிட்டுப் போனவனுக்கு என்ன புகழ்ச்சி?" என்றான் மற்றொருவன். விடுதி மாடியில் நள்ளிரவு வரை நடந்த அந்தப் போரில் இடையே புகுந்து பேச எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே மலரின் பக்கங்களை நாடினேன்.

நூலறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்க இளைஞன் 1990இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றான். படிப்புக்கென இருந்த தொகையில் மீந்த 24,000 டாலரை ஆக்ஸ்பாம் என்னும் வறுமை ஒழிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தான். வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டான். காரைப் பாலைவனத்தில் கைவிட்டான்; கையிலிருந்த நோட்டுகளைக் கொளுத்தினான்; பெயரையும் மாற்றிக்கொண்டான். ஈராண்டுகள் அலைந்தபின் 1992 ஏப்ரலில், சிறு துப்பாக்கி ஒன்றும் சுமார் நான்கரைக் கிலோ அரிசியுமாக அலாஸ்காக் காட்டுக்குள் நடந்தான். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த 142ஆம் எண் பேருந்து ஒன்றில் தங்கினான். செப்டம்பர் 6ஆம் நாள் வேட்டைக்கு வந்தவர்கள் அப்பேருந்தில் அவன் உடலைக் கண்டார்கள். எடை முப்பது கிலோ அளவே இருந்தது. வயது இருபத்து நான்கு.

இச்செய்தியைக் கிராக்காவர் முதலில் 1993 ஜனவரியில் 'அவுட்சைட்' இதழில் கட்டுரையாக எழுதினார். அவ்விதழ் வரலாற்றிலேயே எந்தக் கட்டுரைக்கும் வராத அளவு கடிதங்கள் குவிந்தனவாம். துணிவையும் துறவையும் போற்றியவர்கள் ஒருபுறம். மறுபுறம் அலாஸ்காவாசிகள் பலர்: காட்டின் இயல்பறியாத நகரத்துப் பையன், அறிவீனத்தால் மாண்டான், இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று சீறினார்கள். அவர்கள் கோபத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். வழி தவறியவனைத் தேடித் தம் உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர்கள் அவர்களல்லவா?

ஆயினும் ஏளனத்துக்கும் ஓர் அளவு வேண்டும். அவன் கடமான் இனத்தில் பெரிதான 'மூஸ்' ஒன்றைச் சுட்டதாக நாட்குறிப்பில் எழுதியிருந்தான். எலும்பைப் பார்த்த வேட்டைக்காரர்கள் அது 'காரிபூ' என்னும் வேறு மான் என்றார்கள். மானுக்கும் மானுக்கும் வேற்றுமை தெரியாதவன் என்று ஊரே சிரித்தது. கிராக்காவரும் கட்டுரையில் அவ்வாறே எழுதினார். பின்பு அவன் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்தபோது, அது மூஸ்தான் என்பது உறுதியாயிற்று. சிரித்தவர்கள்தாம் தவறினார்கள். இறைச்சியைக் கெடாமல் பதப்படுத்தத் தெரியாமல் அழுகவிட்டான் என்பது மட்டும் உண்மை. அதற்காக அவனே நாட்குறிப்பில் வருந்தியிருக்கிறான்.

பெற்றோரை வதைத்தவன் என்ற குற்றச்சாட்டுதான் எங்கள் விடுதியில் ஓங்கி ஒலித்தது. அதில் வியப்பில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள் நம்மில் பலர். பட்டத்தையும் பணத்தையும் உதறுவது நம் காதுக்குக் கொடுமையாகவே கேட்கும். ஆனால் 2014இல் அவன் தங்கை காரின் தாமே ஒரு நூல் எழுதி, அவ்வீட்டில் தந்தையின் வன்முறை நிலவியதை வெளிப்படுத்தினார். அதுவரை தீர்ப்பு வழங்கிய நாமெல்லாம் பாதி வழக்கைக் கேட்டே எழுதிவிட்டோம்!

அப்படியானால் நான் போற்றுவோர் அணியா? அங்கும் என்னால் நிற்க முடியவில்லை. காரணம் டெக்லானிகா ஆறு.

ஏப்ரலில் அவன் எளிதாகக் கடந்த ஆறு அது. ஜூலைத் தொடக்கத்தில், போதும் என்று ஊர் திரும்பக் கிளம்பியவனைக் கோடையில் உருகிய பனிநீர் கரைபுரண்டு மறித்தது. திரும்பவும் பேருந்துக்கே போனான். அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், நீரளவு பார்ப்பவர்களுக்காக ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடமும் அதில் ஓடும் கூடையும் இருந்தன. நல்ல வரைபடம் ஒன்று கையிலிருந்தால் அதை அறிந்திருப்பான். உலகில் மனிதன் காணாத இடம் மிச்சமில்லாத காலத்தில் பிறந்ததால், வரைபடத்தையே வேண்டாமென்று ஒதுக்கித் தனக்கொரு புதிய நிலத்தைப் படைத்துக்கொண்டான் என்று கிராக்காவர் விளக்குகிறார். அழகிய விளக்கம்தான், எனக்கு அது உடன்பாடில்லை. தனிமையைத் தேடிப் போனதை நான் குறைகூறேன். பிறர் உழைத்துத் தேடிய அறிவைத் தளை என்று எண்ணியதையே குறை என்கிறேன். காட்டு விளிம்பு வரை வண்டியில் ஏற்றிச் சென்றவர் நல்ல கருவிகள் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சியும் மறுத்தான். கடைசியில் அவர் கொடுத்த ரப்பர் காலணியை வாங்கிக்கொண்டான்.

நம் போற்றுதல் யாருக்கும் தீங்கற்றது என்று எண்ணவேண்டாம். 2007இல் திரைப்படமும் வந்தபின் அப்பேருந்து யாத்திரைத் தலம்போல் ஆயிற்று. அதைக் காணச் சென்றவர்களில் 2010இல் ஒரு பெண்ணும் 2019இல் ஒரு பெண்ணும் அதே டெக்லானிகாவில் மூழ்கி இறந்தார்கள். மீட்கப்பட்டவர்கள் பலர். இறுதியில் 2020 ஜூனில் அலாஸ்கா அரசு ஹெலிகாப்டரைக் கொண்டு பேருந்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னர் அது ஃபேர்பேங்க்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது.

இரு அணியினரும் வாதத்தில் தவறவிட்ட பக்கம் ஒன்று நூலின் இறுதியில் இருக்கிறது. மகன் இறந்த மறு ஆண்டு பெற்றோர் அப்பேருந்துக்குச் சென்றார்கள். தாய் ஒரு பெட்டியை அங்கே வைத்துவிட்டு வந்தார். அதில் முதலுதவிப் பொருள்கள், டப்பாவில் அடைத்த உணவு, இன்னும் காட்டில் பிழைத்திருக்க உதவும் சில பொருள்கள். உடன் ஒரு சீட்டு: இதைக் காண்பவர் யாராயினும் உடனே தம் பெற்றோருடன் தொலைபேசியில் பேசவேண்டும் என்று.