கீழடிப் பானையும் நம் கைதட்டலும்

கடந்த பொங்கல் விழாவில், நான் வசிக்கும் சுவிஸ் நகரத்துத் தமிழ்ச் சங்க மேடையில், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மனப்பாடமாகப் பேசினாள்: "2600 ஆண்டுகளுக்கு முன்பே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான் தமிழன்!" அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் என் மகள். உரையை எழுதிக் கொடுத்தவர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர். வீட்டில் ஏற்ற இறக்கத்தோடு பேசப் பழக்கியவன் நான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: "அப்பா, மைக்ரோஸ்கோப் இல்லாம அது அங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெர்மனியில் பொருளறிவியலில் முதுகலை படித்தவன் நான். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும், "அதெல்லாம் அப்பவே தெரியும்மா" என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினேன். நான் அவளிடம் சொன்ன பொய்களில் என்னை உறுத்துவது இதுதான். இந்தக் கட்டுரை அதற்கான கடன் தீர்ப்பு. சங்கத்தில் இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

முதலில் உண்மை என்ன என்று பார்ப்போம். 2020 நவம்பரில், வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்ட ஒரு குழு 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கீழடிப் பானையோடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கரிம நானோ குழாய்கள் இருக்கின்றன என்பது அதன் சாரம். அவற்றில் ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். தொல்பொருள்களில் இதுவரை கிடைத்தவற்றில் இதுவே பழையது என்கிறது அறிக்கை. அருமையான கண்டுபிடிப்பு. இணையத்தில் கட்டணமில்லாமல் யாரும் படிக்கலாம். அன்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் படித்தோம்?

படித்திருந்தால், அறிக்கை சொல்வதற்கும் மேடையில் நாம் சொன்னதற்கும் உள்ள தூரம் தெரிந்திருக்கும். பூச்சில் குழாய்கள் இருக்கின்றன என்பது கண்டுபிடிப்பு. தாவரச் சாறு எதையாவது தடவி உயர்ந்த வெப்பத்தில் சுட்டிருக்கலாம் என்பது ஊகம். குயவருக்கு நானோ தெரியும் என்பது நம் கற்பனை. கரிமப் பொருள் காற்றுப் போதாமல் சூடேறினால் என்னென்னவோ உருவாகும். 2011இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மெழுகுவர்த்திச் சுடரை ஆராய்ந்தார்கள். அதில் நொடிக்குப் பதினைந்து லட்சம் நுண்வைரத் துகள்கள் தோன்றி மறைவதாகக் கணக்கிட்டார்கள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரை நாம் வைர வியாபாரி என்று அழைப்பதில்லை.

"சரி, பெருமைப்படவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடிமைப்பட்ட, விரட்டப்பட்ட, அகதியாக வந்த ஒரு சமூகத்துக்குப் பழம்பெருமை ஒரு ஊன்றுகோல் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வகுப்பில் தன் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆளில்லாத பிள்ளைக்கு, உன் முன்னோர் சாதாரண ஆட்கள் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொய் ஊன்றுகோல் பாதி வழியில் ஒடியும். என் மகளின் ஒரே கேள்வியில் அது ஒடிந்தது. இந்த ஊர்ப் பள்ளி அவளுக்குச் சான்று கேட்கச் சொல்லித் தருகிறது. வீட்டிலும் சங்கத்திலும் நாம் கைதட்டச் சொல்லித் தருகிறோம். எது பொய் என்று அவள் கண்டுபிடிக்கும் நாளில் கீழடியையும் சேர்த்தே தூக்கி எறிவாள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. செய்யத் தெரிவதும், ஏன் அப்படி ஆகிறது என்று தெரிவதும் இரண்டு வேறு அறிவுகள். இந்த வேறுபாட்டுக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். தென்னிந்தியாவில் மூடிய மண்குகையில் இரும்போடு ஆவாரை மரத்துண்டும் எருக்கிலையும் இட்டு உருக்கிய எஃகை, உலகம் 'வூட்ஸ்' என்று அறிந்தது. அந்த வகை எஃகை அடித்து உருவாக்கிய டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலம் புகழ்பெற்றது. 2006இல் டிரெஸ்டன் நகரின் பீட்டர் பாஃப்லர் குழு, பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தின் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரிம நானோ குழாய்களைக் கண்டு 'நேச்சர்' இதழில் எழுதியது. ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வாழும் அதே சுவிஸ் நாட்டின் பெர்ன்தான்.

அந்தக் கலை என்ன ஆயிற்று? அழிந்தது. அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் வருடக்கணக்கில் வார்த்துப் பார்த்து, தாதுவில் துளியூண்டு வனேடியம் போன்ற மாசுகள் இருந்தால்தான் அந்தக் கோலம் எழும் என்று 1998இல் காட்டினார்கள். குறிப்பிட்ட தாது தீர்ந்தபோது கோலமும் வராமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. கொல்லர் அதே குகையை, அதே இலையை, அதே நெருப்பைத்தான் வைத்திருப்பார். ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. "எங்கள் முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்பவர்கள் இந்தக் கொல்லரின் திகைப்பை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழமையைக் கொண்டாட வேறு வழியும் உண்டு. ரோமானியக் கான்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் கலக்காத வேலை என்று நெடுங்காலம் ஒதுக்கினார்கள். 2023இல் எம்ஐடியின் அட்மிர் மாசிச் குழு அதை நம்பாமல், நீற்றாத சுண்ணாம்பைச் சூட்டோடு கலந்து தாங்களே கான்கிரீட் செய்தது. அதைப் பிளந்து தண்ணீர் விட்டுப் பார்த்தது. இரண்டு வாரத்தில் விரிசல் மூடிக்கொண்டது. இன்று அது சிமெண்டின் ஆயுளைக் கூட்டும் முயற்சியாக வளர்ந்திருக்கிறது. மார்தட்டியிருந்தால் அந்தக் கட்டிகள் கட்டிகளாகவே கிடந்திருக்கும்.

கீழடிப் பூச்சுக்கு அப்படிச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. எந்தச் செடியின் சாறு? எத்தனை டிகிரி சூடு? பானையைக் கவிழ்த்துச் சுட்டார்களா? இன்று சுட்டால் அதே குழாய்கள் வருமா? வைகைக் கரையில் ஒரு சூளை, சில குயவர்கள், சில மாணவர்கள், ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சில நாட்கள். இதற்கு ஆகும் செலவு, நாம் ஊரிலிருந்து நடிகர்களை வரவழைத்து நடத்தும் கலைநிகழ்ச்சிகளுக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குயவர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "நம் முன்னோர்" என்கிறோமே, அந்தப் பானையை வனைந்தது யார்? மண் மிதித்தவர், சூளை அடுக்கியவர். அவர்களை ஊரில் எந்த இடத்தில் வைத்தோம்? சூரிச்சிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டே சாதி போட்டு வரன் தேடுகிறவர்கள், குயவரின் கைவேலையை மட்டும் "நம்முடையது" என்று வாங்கிக்கொள்வது என்ன நியாயம்? பானைக்கு உறவு கொண்டாடுகிறவர்கள் முதலில் வனைந்தவரின் பேரப்பிள்ளைகளிடம் உறவு கொண்டாடட்டும்.

என்னையும் விட்டுவிடப் போவதில்லை. நான் படித்தது உலோகமும் பீங்கானும். இன்று செய்வது வங்கிகளுக்கு மென்பொருள் ஆலோசனை. விசாவும் வீட்டுக்கடனும் அந்தப் பக்கம் இழுத்தன, போனேன். அன்று அரங்கில் இருந்த படித்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்களே. ஆய்வகத்தில் காலம் தள்ளுகிற ஒருவரைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. வேதியியல் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், "படிச்சிட்டு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிற அதே வாய்தான் மேடையில் நானோ பேசுகிறது.

1875இல் 'கெமிஸ்தம்' என்று ஒரு வேதியியல் நூல் தமிழில் வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிரீனின் முயற்சி அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அன்றைய வேதியியலைத் தமிழில் படிக்க முடிந்தது. இன்று கீழடி பற்றிய அறிக்கையைக்கூட நம் பிள்ளைகள் தமிழில் முழுமையாகப் படிக்க வழி செய்யவில்லை நாம். பக்கத்துக்குப் பக்கம் மொழிபெயர்க்க இரண்டு வார இறுதிகள் போதும். நான் தொடங்கிவிட்டேன். சங்கம் அச்சிட்டுக் கொடுக்குமா?

சென்ற ஞாயிறு மகளோடு அந்த அறிக்கையை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். காரில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். முறைத்தாள். பிறகு நுண்ணோக்கிப் படங்களை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப அவங்களுக்கே தெரியாம இவ்வளவு நல்லா செஞ்சிருக்காங்களா? எந்தச் செடிப்பா அது?" என்றாள்.

தெரியாது என்று சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு அவள் மேடையில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறாளாம். உரையை இம்முறை அவளே எழுதுகிறாள்.