கடல் சூழாத் தீவுகள்

தீவு என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? நீலக் கடல், தென்னந்தோப்பு, வேறெங்கும் காணக் கிடைக்காத வண்ணப் பறவைகள்! கரிபியன் கடலில் செயின்ட் லூசியா என்றொரு சிறு தீவு உண்டு. பரப்பு 616 சதுர கிலோமீட்டர்தான். உலகில் அங்கு மட்டுமே வாழும் ஒரு கிளியைக் காண்பதற்கென்றே பயணிகள் அங்கே செல்கிறார்கள்.

மடத்துக்குளத்து மாணவர்கள் இத்தகைய தீவுப் பறவைகளைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. பள்ளி வாசலில் நின்று தெற்கே பாருங்கள். ஆனைமலையும் பழனிமலையும் நீலச் சுவர்போல் நிற்கின்றன. அவற்றின் உச்சிகளும் தீவுகளே என்பேன்.

இதெப்படி என்று கேட்பீர்கள். இம்மலைகளில் சுமார் 1,400 மீட்டருக்கு மேல் ஆண்டு முழுதும் குளிர்ச்சி நிலவுகிறது. அங்கே புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக் காடுகளும் அமைந்துள்ளன. இந்தக் குளிரில் வாழப் பழகிய ஒரு சிறு பறவைக்குக் கீழேயுள்ள வெப்பச் சமவெளி கடலைப் போன்றது. அதைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்ல அதனால் இயலாது. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் இடையே உள்ள பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் நம் வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இக்கணவாய் வழியாகத்தான் வருகிறது. காற்றுக்கு அது வாயில். மலைப் பறவைக்கோ அது தாண்ட முடியாத அகழி!

இந்த அகழியின் இரு கரைகளிலும் பல லட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த பறவைகள் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. கொடைக்கானல் தோட்டத்து வேலிகளில் சிரிப்பது போன்ற குரல் கேட்டால் நின்று பாருங்கள். அது பழனிச் சிரிப்பான். வெண்புருவமும் சாம்பல் நிற மார்பும் செம்பழுப்பு வயிறும் கொண்டது. அதன் உறவினனான நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பும் செம்பழுப்பு. சோலையின் இருளில் தரையோரம் திரியும், வெள்ளை வயிற்றுடைய நீல நிறச் சிட்டு ஒன்றும் உண்டு. அதற்கும் கணவாய்க்கு வடக்கே வேறோர் உறவினன் இருக்கிறது.

வி. வி. ராபின் முதலிய ஆய்வாளர்கள் இப்பறவைகளின் மரபணுக்களை ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் இரண்டு புதிய பேரினங்களை வகுத்தனர். நீலச் சிட்டுகளின் பேரினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சோலிகோலா', அதாவது சோலையில் வாழ்வது. நம் 'சோலை' என்ற சொல் உலக அறிவியல் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பறவையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்கிறோம். படகு விடுகிறோம், குதிரை ஏறுகிறோம், சாக்லேட் வாங்கித் திரும்புகிறோம். உலகில் வேறெங்கும் இல்லாததைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம்.

பார்க்காததால் என்ன நட்டம்? அறியாத பொருளைக் காக்க யாரும் முன்வருவதில்லை, அதுவே நட்டம். இம்மலைகளின் புல்வெளிகளைப் 'பயனற்ற நிலம்' எனக் கருதிய காலம் இருந்தது. தோல் பதனிடும் டானினுக்காக வாட்டில் மரத்தையும், விறகுக்காகவும் ரேயான் நூலுக்கான மரக்கூழுக்காகவும் தைலமரத்தையும் அங்கே நட்டார்கள். பைன் மரமும் வந்தது. பழனிமலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு கூறுகிறது. தானே விதை பரப்பி வளரும் வாட்டில் இன்றும் எஞ்சிய புல்லை விழுங்கி வருகிறது.

புல் மறைந்தால் நீலகிரி நெட்டைக்காலி என்ன செய்யும்? நீலகிரியிலும் ஆனைமலை உச்சிகளிலும் வாழும் இப்பறவை, புற்கற்றைகளுக்கிடையே தரையில் கூடு கட்டுவது. மரம் அடர்ந்த இடம் அதற்கு உதவாது. இன்னும் உயரே போகலாம் என்றால், மலைக்கு மேலே வானம்தான் உண்டு. புவி வெப்பம் உயர உயர, இத்தீவுகளும் சுருங்கவே செய்யும்.

"மரம் நடுங்கள் என்றுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மடத்துக்குளத்துச் சாலையோரம் வேம்பும் புங்கமும் நடுவது நற்செயல், தாராளமாக நடுங்கள். ஆனால் மலையுச்சிப் புல்வெளியில் அயல்மரம் நடுவது, ஒரு தீவைக் கடலில் மூழ்கடிப்பதற்கு ஒப்பானது. பசுமையெல்லாம் ஒன்றல்ல. எந்த மண்ணுக்கு எந்தப் பசுமை உரியது என்று கேட்பதே அறிவியல். அதற்காக, வளர்ந்த தோப்புகளையெல்லாம் உடனே வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சில தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் மீண்டும் தலைதூக்குகின்றன. எஞ்சிய புல்வெளியில் நுழையும் வாட்டில் கன்றுகளை வேரோடு அகற்றுவதே முதல் வேலை.

இது பறவையின் வழக்கு மட்டுமன்று. நம் நெல்லுக்கும் கரும்புக்கும் பாயும் அமராவதி அம்மலைகளில்தான் பிறக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவதில் புல்வெளிக்கும் சோலைக்கும் பெரும்பங்கு உண்டு.

செயின்ட் லூசியாவின் கிளி, 1970-களின் இறுதியில் ஏறத்தாழ 100 என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. 1979-இல் அதைத் தேசியப் பறவையாக அறிவித்தார்கள். பள்ளிதோறும் சென்று மாணவர்களுக்கு அதை அறிமுகம் செய்தார்கள். பின்னர் அதன் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. சட்டம் உதவியது, தம் பறவையின் பெயரை அறிந்த மாணவர்களும் உதவினார்கள்.

நம் மலைகளிலும் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. சட்டம் வந்துவிட்டது, இனி நாம் வரவேண்டும். அடுத்த பள்ளிச் சுற்றுலா கொடைக்கானலுக்கோ, உடுமலை வழியாக மூணாற்றின் இரவிகுளத்துக்கோ அமைந்தால், ஆசிரியரிடம் ஒரு காலைப் பொழுதைப் பறவைகளுக்காகக் கேட்டு வாங்குங்கள். குறிப்பேடும் பென்சிலும் போதும். பார்த்த பறவை, நாள், இடம், அது இருந்தது புல்லிலா சோலையிலா என எழுதி வாருங்கள். தெற்கே தெரியும் அந்த நீலச் சுவரில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பவருக்கு, பெயர் சொல்லிப் பதிலளிக்க மடத்துக்குளத்து மாணவர்களால் முடிய வேண்டும்.