நடக்கவே இல்லை என்று சொல்லப்பட்ட கதை

ஸ்ரார் வோர்ஸ் நாவல் ஒன்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் யாராவது ஒருவர் உடனே கேட்பார்: "அது கேனனா?" அதாவது, படத்தின் உரிமையாளர்கள் அதை உண்மையில் நடந்த கதையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று. வாசிக்க முதலே இப்படிக் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை.

1983 இல் மூன்றாவது படத்தோடு லூக், லேயா, ஹான் மூவரின் கதை திரையில் நின்றுவிட்டது. 1991 இல் ரிமோதி ஸான் 'ஏர் ரு த எம்பயர்' என்ற நாவலில் அதைத் தொடர்ந்தார். பேரரசன் செத்து ஐந்து வருடம். லேயா வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். வென்றவர்களுக்கு இப்போது அரசு நடத்தும் தலையிடி. எதிரே த்ரோன் என்ற தளபதி, நீலத் தோலும் சிவப்புக் கண்ணுமாக. கத்தமாட்டான். ஒரு இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆறுதலாக இருந்து பார்ப்பான். அதிலிருந்தே அவர்களை எப்படித் தோற்கடிக்கலாம் என்று கண்டுபிடிப்பான். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எரிக்கிற எதிரியை எங்களுக்குத் தெரியும். ரசித்துப் பார்க்கிற எதிரி அதைவிடப் பயமாக இருந்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. மூன்றாவது நாவலில் லூக்கைப் பிரதி எடுத்து, பெயரில் ஒரு எழுத்தை மட்டும் கூட்டி வைத்திருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன்.

2012 இல் டிஸ்னி லூகாஸ்ஃபில்மை வாங்கியது. 2014 ஏப்ரலில், அதுவரை வந்த இந்த நாவல்கள் எல்லாம் இனி 'லெஜென்ட்ஸ்' என்று அறிவித்தார்கள். புதுப் படம் எடுப்பவர்களுக்குக் கை கட்டப்படாமல் இருக்கவேண்டும், அது நியாயம்தான். ஆனால் அதற்காக வாசகர் ஏன் புத்தகத்தை மூடவேண்டும்?

படங்களே இந்த நாவலிடம் கடன் வாங்கியிருக்கின்றன. கொரஸான்ற் என்ற தலைநகரின் பெயர் இந்த நாவலில்தான் முதலில் வந்தது. 1999 படத்தில் லூகாஸ் அதையே எடுத்துக்கொண்டார். தள்ளிவைத்த த்ரோனையும் 2016 இல் 'ரெபல்ஸ்' தொடரிலும் 2023 இல் 'அசோக்கா'விலும் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

எங்கள் அம்மா அப்பாமாருக்கும் இது புதிதில்லை. கல்கி 1954 இல் பொன்னியின் செல்வனை முடித்தபோது பல பாத்திரங்களின் கதை பாதியில் நின்றது. பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அதைத் தொடர்ந்தார். அது கல்கியின் எழுத்து இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாசித்தார்கள்.

கர்க்லாண்டில் வளர்கிற எங்களுக்கு இன்னும் சுலபமாக விளங்கவேண்டும். வீட்டில் பார்த்த டார்த் வேடர், பிரெஞ்சுப் படத்தில் டார்க் வடோர். சீ-த்ரீபியோவுக்கு அங்கே ஸெட்-ஸிஸ்-பே-ஓ என்று பெயர். எது உண்மையான ஆள் என்று நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

ஹைமஸ் வீதியில் இருக்கிற எங்கள் ஊர் நூலகத்திலோ உங்கள் ஊர் நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். லூக்கைக் கொல்வதற்கென்றே காத்திருக்கும் மாரா ஜேட் என்ற பெண்ணும் இந்த நாவலில் இருக்கிறாள். த்ரோனுக்குக் கிடைத்த இடம் திரையில் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளைச் சந்திக்க நாவலுக்குத்தான் போகவேண்டும்.