மூர்த்தி சிறிது
நீளம் வெறும் 10 அடி. சக்கரமோ 10 அங்குலம். 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்கு பிரிட்டன் தவித்ததன் விளைவாக அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த சிக்கனக் கார், மினி. எஞ்சினைக் குறுக்கே வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார். 1959-ல் விற்பனைக்கு வந்த அதற்குள் பந்தயக் குதிரை ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவர் ஜான் கூப்பர். 1961-ல் பிறந்தது மினி கூப்பர். மான்டி கார்லோ ராலியில் 1964, 65, 67-ல் பெரிய கார்களைத் திணறடித்து முதலிடம். 1966-லும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது. முகப்பு விளக்குகள் விதிப்படி இல்லை என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பறிபோன வெற்றியால் அனுதாபமும் சேர்ந்தது. 2000-ல் தயாரிப்பு நின்றது. அடுத்த ஆண்டு பிஎம்டபிள்யூ கொண்டுவந்த மினிக்குப் பெயர் அதேதான், உடம்புதான் பருத்துவிட்டது. ரசிகர்கள் இன்றும் தேடுவது பழைய குட்டியை. சிக்கனத்துக்குப் பிறந்து சீமான்களை ஜெயித்த கார் அல்லவா?