வைக்கோல் குப்பை என்று யார் சொன்னது?

போன வாரம் வகுப்பில் நண்பன் ஒருவன் செமினார் எடுத்தான். தலைப்பு, 'விவசாயக் கழிவிலிருந்து எத்தனால்'. கழிவுப் பட்டியலில் முதல் பெயர் வைக்கோல்! எனக்கு வந்ததே கோபம். (மற்றபடி நல்ல பையன், டீ எல்லாம் வாங்கித் தருவான்.)

மக்களே, நாஞ்சில் நாட்டில் வைக்கோல் எப்போது குப்பையானது? கன்னிப்பூவோ கும்பப்பூவோ, அறுப்பு முடிந்தால் நெல்லுக்கு விலை பேசுகிற கையோடு வைக்கோலுக்கும் பேசுகிற ஊர் இது. படப்பு இல்லாத வீட்டில் மாடு எதைத் தின்னும்?

அவன் காட்டிய உதாரணம் ஹரியானாவின் பானிப்பட். 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் திறந்த ஆலை. வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். அங்கே அது நியாயம். வயலிலேயே தாளைக் கொளுத்தி டெல்லி வரை புகை அனுப்புகிறார்கள். இங்கே ஏக்கருக்கு 2 டன் என்று வைத்தாலும், அந்த ஆலைக்குத் தீனி போட 1 லட்சம் ஏக்கர் நெல் அறுக்க வேண்டும். பிளாட் போட்டது போக குமரி மாவட்டத்தில் அவ்வளவு வயல் எங்கே இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 'கழிவிலிருந்து எரிபொருள்' என்று பேசிக்கொண்டே 2025-ல் மத்திய அரசு எத்தனாலுக்கு ஒதுக்கியது இந்திய உணவுக் கழகத்தின் 52 லட்சம் டன் அரிசி. காரணம் எளிது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து, சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். வைக்கோலில் செல்லுலோஸை லிக்னின் இறுகப் பிடித்திருக்கிறது. அமிலம், நீராவி கொண்டு அதைப் பிரித்து, பிறகு நொதி சேர்த்து, அதன் பிறகுதான் ஈஸ்ட். அதிலும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடவே தொடாது. செலவு அதிகம். அதனால் சோற்றில் கை வைக்கிறார்கள், பழி மட்டும் 'கழிவு' மேல்!

நம்மூரின் நிஜக் கழிவு வாழைத்தடை. ஏத்தனோ, மட்டியோ, செவ்வாழையோ, ஒருமுறை குலை தள்ளிய வாழை மறுபடி தள்ளாது. வெட்டித்தான் போட வேண்டும். ஆனால் தடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 டன் தடையை லாரியில் ஏற்றினால் 9 டன் தண்ணீருக்கு டீசல் செலவு. ஆகவே தோட்டத்துப் பக்கத்திலேயே பிழிந்து, நாரை எடுத்துவிட்டு, மிஞ்சும் சக்கையை மட்டும் கொண்டுபோகிற சின்ன ஏற்பாடு வேண்டும். பானிப்பட்டை அப்படியே பெயர்த்து நாகர்கோவிலில் வைக்க முடியாது.

நண்பா, அடுத்த செமினாருக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. குலை வெட்டின தோட்டம் காட்டுகிறேன். டீ என் செலவு. வைக்கோல் படப்பு பக்கம் மட்டும் போகாதே, எங்கள் பசு முட்டும்.