கழற்றி வைத்த கவசம் யாரைக் காக்கும்?

கத்திக்குத்தைத் தடுக்கும் அங்கியிலே சௌகரியத்தைத் தேடுவது ஆடம்பரம் என்பார் உளர். அவர்களை நாம் கேட்கிறோம்: கழற்றி வைத்த கவசம் யாரைக் காக்கும்?

1997ஆம் ஆண்டு இலண்டனிலே, கதவை உடைக்கும் கருவியை வீசுவதற்கு இடைஞ்சலென்று காப்பங்கியைக் கழற்றிய பெண் பொலிஸ் ஒருவர், உள்ளிருந்தவனின் கத்திக்கு இரையானார். குத்திய பழி குத்தியவனைச் சேரும். அங்கி கழன்ற பழியோ, கையசைவை எண்ணாது அதை வகுத்தவர்களையே சேரும்.

குண்டைத் தடுக்கும் மென்னிழை கூர்முனைக்கு வழிவிடக்கூடும். ஆதலின் நெசவை இறுக்குகின்றனர், பிசினூட்டிய அடுக்குகளைக் கூட்டுகின்றனர். பாரம் ஏறுகிறது, வியர்வை வெளியேற வழியில்லை.

2007ஆம் ஆண்டின் பிரித்தானியத் தரவிதி, 24 யூல் ஆற்றலுடைய குத்திலே கத்தி 7 மில்லிமீற்றருக்கு மேல் புகலாகாது என்றது. கத்தியின் ஆழத்துக்குக் காட்டிய அதே கண்டிப்பை அணிபவரின் மூச்சுக்கும் அசைவுக்கும் காட்டுக! அணியக்கூடிய கவசமே கவசம்.