சாவியைக் கொண்டுபோன திருடன்!

வீடு நம்முடையது. பெட்டி நம்முடையது. உள்ளே இருக்கும் பொருளும் நம்முடையது. ஆனால் பூட்டியவன் எவனோ! சாவியும் அவன் கையில்!

கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு பைல்கூட திறக்காது. போட்டோ, கணக்கு, கடிதம் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு இருக்கும். கூடவே ஒரு மிரட்டல் கடிதம். "பணத்தைக் கட்டு, பைலைத் தருகிறோம்" என்று!

இதற்கு 'ரான்சம்வேர்' என்று பெயர். ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்களே, அதே தொழில்தான். இங்கே கடத்தப்படுவது ஆள் அல்ல, பைல்!

"அதெல்லாம் டெல்லி, மும்பை கம்பெனிகளின் தலைவலி. புதுக்கோட்டையில் நமக்கென்ன?" என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

கீழ ராஜ வீதியில் ஒரு கடையின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? கொள்முதல் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், பாக்கி வைத்தவர்கள் பட்டியல். அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? நூறு குடும்பத்துக் கல்யாண போட்டோ. கணக்கையாவது மறுபடி எழுதலாம். கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா?

பழைய திருட்டு, புதிய வேஷம்

இந்தத் திருட்டு நேற்று முளைத்தது அல்ல. 1989-ம் ஆண்டிலேயே, எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20 ஆயிரம் பிளாப்பி தட்டுகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர் பிறகு முடங்கியது. "189 டாலரை பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பு" என்று மிரட்டல் வந்தது. ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் கைதானார். மனநிலை சரியில்லை என்று வழக்கு நிற்கவில்லை.

அன்று தபால் பெட்டி. இன்று பிட்காயின். நம்ம ஊர் சமஸ்தானத்து அம்மன் காசு, கையில் எடுத்துப் பார்க்கிற செப்புக்காசு. இந்தக் காசைக் கையில் பிடிக்கவும் முடியாது, வாங்கியவனைப் பிடிப்பதும் லேசு இல்லை.

12-5-2017 அன்று 'வான்னாகிரை' என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. 300 டாலர் கொடு, 3 நாள் தாண்டினால் 600 டாலர் என்றது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. பக்கத்துக் கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் 'அப்டேட்'டை மைக்ரோசாப்ட் 2 மாதம் முன்பே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சென்னைக் கோட்டைக்குள்ளேயே இந்தத் திருடன் புகுந்திருக்கிறான். 2021 செப்டம்பரில், முக்கிய பிரமுகர்கள் வருகை ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. கேட்ட தொகை 1,950 டாலர். கோட்டைக்கே இந்தக் கதி என்றால், வாசலில் காவலே இல்லாத நம் வீட்டுக்கு?

தள்ளுபடியும் உண்டாம்!

வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கியது 'ஸ்டாப்' என்கிற வகை. இந்த ஆசாமிகளின் கடிதத்தைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். அதாவது நம் பணத்தில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பைலை மட்டும் 'சாம்பிளு'க்கு இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். ஆடித் தள்ளுபடி தோற்றது போங்கள்!

கட்டினால் பைல் வருமா? சிலருக்கு வந்திருக்கிறது. பலருக்கு வரவில்லை. வான்னாகிரை கும்பலிடம், பணம் கட்டியவர் யார் என்று பிரித்துப் பார்க்கிற ஏற்பாடே சரியாக இல்லை. கட்டிய காசு அடுத்த வீட்டைப் பூட்டுவதற்கு முதலீடு. ஆகவே கட்டக்கூடாது.

வைரஸ் போனாலும் பூட்டு போகாது

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வைரஸை எடுப்பது வேறு, பூட்டைத் திறப்பது வேறு.

திரையை மட்டும் மறைத்துக்கொண்டு "போலீஸ் பேசுகிறது, அபராதம் கட்டு" என்று மிரட்டுகிற ஒரு வகை உண்டு. அதை 'சேப் மோடு'க்குப் போய் ஆன்டிவைரஸ் ஓட்டினால் பெரும்பாலும் விரட்டிவிடலாம். பைல்கள் பத்திரமாக இருக்கும்.

ஆனால் பைலையே கணக்குப் போட்டுக் குழப்பி எழுதிவிடுகிற வகை அப்படி அல்ல. ஆன்டிவைரஸ் திருடனை வெளியே தள்ளும். அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்கும்.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். "பார்மட் அடிச்சுடலாம்ணே, புதுசு மாதிரி ஆயிடும்" என்கிறார் பையன். ஆகும். பைலும் சேர்ந்து போகும். பூட்டிய பெட்டியைத் திறக்க முடியவில்லை என்று பெட்டியையே எரித்த கதை!

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள். வைபையை அணையுங்கள். பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் எது செருகி இருந்தாலும் கழற்றுங்கள். நல்ல டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும்.

மிரட்டல் கடிதத்தை செல்போனில் போட்டோ எடுங்கள். பைல் பெயரில் ஒட்டியுள்ள எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தையும் பூட்டிய பைல்களையும் அழிக்காதீர்கள்.

பிறகு வேறு கம்ப்யூட்டரில் 'நோ மோர் ரான்சம்' என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் 2 கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனிகளுடன் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. பூட்டிய பைல் ஒன்றிரண்டையும் கடிதத்தையும் கொடுத்தால், எந்த வகைப் பூட்டு, அதற்குச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். காசு கிடையாது.

ஸ்டாப் வகைக்கே 2019 அக்டோபரில் 148 ரகங்களைத் திறக்கும் இலவசக் கருவியை 'எம்சிசாப்ட்' கம்பெனி வெளியிட்டது. இதற்குப் பாடுபட்டவர் மைக்கேல் கில்லெஸ்பி. அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர்தான்! எல்லாப் பூட்டுக்கும் சாவி கிடைத்துவிடவில்லை. ஆனால் இன்று இல்லாத சாவி நாளை வரலாம். அதனால்தான் பூட்டிய பைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகே பார்மட் செய்ய வேண்டும்.

கடைசியாக, வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ இருந்து பாங்கி, இ-மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். சில வகை வைரஸ்கள் போகிற போக்கில் அதையும் திருடுகின்றன.

கதவைத் திறந்தது யார்?

திருடனைத் திட்டுகிறோம். கதவைத் திறந்துவிட்டது யார் என்று கேட்க வேண்டாமா?

காசு கொடுத்து வாங்காத 'கிராக்' சாப்ட்வேர்தான் பல வீடுகளில் திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு. ஸ்டாப் வைரஸ் பரவியதே பெரும்பாலும் அந்த வழியில்தான். "கிராக் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று அதிலேயே எழுதி இருக்கும். நாமும் அணைக்கிறோம். திருடன் வருவதற்கு முன் நாயைக் கட்டிப் போடுகிற காரியம் அல்லவா இது?

பணம் இல்லை என்றால் இலவசமாகவே நல்ல சரக்கு இருக்கிறது. கடிதம், கணக்குக்கு 'லிப்ரே ஆபீஸ்'. விண்டோசுக்குப் பதில் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். விண்டோஸ் 7-க்கு 14-1-2020-லும், விண்டோஸ் 10-க்கு 14-10-2025-லும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. பழசையே ஓட்டுகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பாதுகாப்பு, இன்னொரு நகல். 23-11-2022 அன்று டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் 5 சர்வர்கள் பூட்டப்பட்டன. சுமார் 2 வாரம் சீட்டு எழுதித்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆனாலும் நோயாளிகளின் விவரம் திரும்பக் கிடைத்தது. எப்படி? பாதிக்கப்படாத வேறொரு சர்வரில் நகல் இருந்தது!

அதைத்தான் வீட்டிலும் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஹார்டு டிஸ்க். வாரம் ஒரு தடவை நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் அது நகல் அல்ல, திருடனுக்கு இரண்டாவது பெட்டி!

புகார் கொடுக்கக் கூச்சம் ஏன்?

மாட்டிக்கொண்டவர்கள் வாய் திறப்பதில்லை. திருட்டு சாப்ட்வேர் போட்டிருக்கிறோமே, போலீஸ் நம்மையே கேட்டால் என்ன செய்வது என்ற பயம். இந்தக் கூச்சம்தான் திருடனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு.

பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் எழுதிப் போடலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறது. மிரட்டிப் பணம் பறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவில் 7 ஆண்டு வரை ஜெயில். கம்ப்யூட்டரைக் கெடுத்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1-7-2024 முதல் புதிய சட்டமே சொல்கிறது.

ஆகவே போலீசாருக்கு ஒரு வேண்டுகோள். "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை, பிடிக்க முடியாது" என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆசாமியைப் பிடிக்க முடியாமல் போகலாம். ஆனால் புகாரைப் பதிவு செய்தால்தான் எந்த வகை வைரஸ் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்று தெரியும். அடுத்த தெருவை எச்சரிக்கலாம்.

ரிப்பேர் கடைக்காரர்களுக்கும் சொல்கிறோம். கிராக் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். "பைல் வேணுமா, வேணாமா?" என்று கேட்காமல் யாருடைய கம்ப்யூட்டரையும் பார்மட் செய்யாதீர்கள். மாமன்னர் கல்லூரி போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் கடை கடையாகப் போய் நகல் எடுக்கச் சொல்லிக் கொடுத்தால் ஊரே வாழ்த்தும்.

மாவட்ட நிர்வாகம் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யுமா?

அது நடக்கிறபோது நடக்கட்டும். இன்று ராத்திரி கடையைச் சாத்தும் முன், ஷட்டருக்குப் பூட்டுப் போடுகிற மாதிரி, கணக்குக்கு ஒரு நகலும் எடுத்துவிடுங்கள்!